மாத்திரையை விடாமல் சாப்பிட வைத்த கவனிப்பு: ஹார்மோன் சிகிச்சைப் பக்கவிளைவுப் பிரிவில் 14 மாதங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரையைத் தினமும் ஒன்று வீதம் 5 ஆண்டுகளுக்குச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏழாவது மாதத்தில் ஒரு நாள் காலை, அந்த அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க என் கட்டைவிரலால் முடியவில்லை. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டலாம் என்று பார்த்தால், அதன் வளையத்துக்குள் நுழைத்த விரல்கள் மடங்க மறுத்தன. அட்டையை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்த மாதத்தில் நான் விட்ட மாத்திரைகள் மொத்தம் 11. வீட்டிலும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான், நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கென்றே தனியாக ஒரு பக்கவிளைவுக் கவனிப்புப் பிரிவு இருப்பது தெரிந்து அதில் சேர்ந்தேன். முதல் சந்திப்பு செவிலியரோடு 45 நிமிடம். பிறகு 4 வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பிசியோதெரபிஸ்ட் நடத்தும் குழுப் பயிற்சி. சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் மருந்தாளுநர் ஒருமுறை சரிபார்த்தல். திடீரென அனல் ஏறி வியர்க்கும் உடல் கொதிப்புக்கென்று 6 வார உளவியல் பயிற்சி. 14 மாதங்களாக இந்தச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். இதில் எது உண்மையில் உதவியது, எது உதவவில்லை என்பதை, இப்படி ஒரு பிரிவில் சேரலாமா என்று தயங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தச் சேவையின் பலம் அவர்கள் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு பரிசோதனையிலும் "பக்கவிளைவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள், நானும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவேன். உயிர் பிழைத்து உட்கார்ந்திருக்கும்போது மூட்டுவலியைப் பற்றிப் புலம்புவது நன்றிகெட்டதனம் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. இந்தச் செவிலியர் அப்படிப் பொதுவாகக் கேட்கவில்லை. "நேற்று ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க அம்மா?", "காலையில் எழுந்ததும் கையை இறுக்க மூட எவ்வளவு நேரம் ஆகுது?", "போன வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?" என்று எண்ணிக்கையாகவே கேட்டார். கடைசிக் கேள்வியில் "விட்டீர்களா" என்ற குற்றச்சாட்டு இல்லை. விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கக்கூடியது என்ற தொனி இருந்தது. "போன மாதம் 11, சிஸ்டர்" என்று நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவர் முகம் மாறவில்லை. குறித்துக்கொண்டார், காரணம் வலியா, தூக்கமின்மையா, மனச்சோர்வா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதில் தானாக வரும் என்பதை அந்த அறையில் கண்டேன். இந்தப் பிரிவுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதானால் பாதிக்கு மேல் அந்த 45 நிமிடத்துக்கே கொடுப்பேன்.

வலி ஏன் வருகிறது என்பதையும் அவர்தான் முதல்முறையாக எனக்குப் புரியும்படி விளக்கினார். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்தினாலும், கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதி அதைச் சிறிதளவு உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை முடக்குகின்றன. புற்றுநோய்க்குத் தீனி கிடைக்காமல் போவதோடு, மூட்டுகளுக்கும் எலும்புக்கும் அந்த ஹார்மோன் கொடுத்துவந்த பாதுகாப்பும் குறைகிறது. இந்த மருந்துகளைச் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுவலி வருகிறது என்று கேட்டபோது, வலி குறையவில்லை என்றாலும், வயதாகிவிட்டது என்றும் நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்றும் மனத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பயம் இறங்கியது.

பிசியோதெரபிஸ்டின் வகுப்பில் நான் நம்பிக்கையில்லாமல்தான் சேர்ந்தேன், ஏனென்றால் வலிக்கும் மூட்டை அசைக்காமல் வைத்திருப்பதே சரி என்று நினைத்திருந்தேன். அவர் 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார்: அரோமட்டேஸ் தடுப்பு மருந்தால் மூட்டுவலி வந்த 121 பெண்களில் ஒரு பிரிவினர் ஓராண்டுக்கு வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியும் இரண்டு முறை எடைப் பயிற்சியும் செய்தபோது, அவர்களுடைய கடும் வலியின் அளவு 29 சதவீதம் குறைந்தது, வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்களுக்குக் குறையவில்லை. எங்கள் வகுப்பும் அதே அளவைத்தான் இலக்காகக் கொண்டது. முதல் மூன்று வாரம் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் கெஞ்சியது உண்மை. ஆறாவது வாரத்தில் வெதுவெதுப்பான நீரில் கையை 5 நிமிடம் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிரித்த பிறகு புட்டி மூடியை நானே திருகித் திறந்தேன். வலி முழுதாகப் போய்விடவில்லை. மருத்துவர் முடிவு செய்து 3 வாரம் மருந்தை நிறுத்திவைத்து, பிறகு எக்ஸெமெஸ்டேன் 25 மி.கி.க்கு மாற்றியதும் எனக்கு உதவியது. நிறுத்துவதற்கு அவர் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது என்பதை ஏற்கெனவே 11 மாத்திரைகளை விட்ட நான் அழுத்திச் சொல்கிறேன்.

உடல் கொதிப்பு வேறு விதமான தொல்லை. நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து வழியாகத் தலைக்கு ஏறும். இரண்டு நிமிடத்தில் தலையணை உறை நனைந்து, அடுத்த நிமிடமே குளிர் எடுக்கும். இதற்கான 6 வார வகுப்பில், கொதிப்பு வரும்போது "எல்லோரும் பார்க்கிறார்கள், இனி தூக்கம் போயிற்று" என்று ஓடும் எண்ணங்களைக் கவனித்து மாற்றவும், நிதானமாக மூச்சு விடவும் பழக்கினார்கள். என் குறிப்பேட்டின்படி கொதிப்புகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் விழித்த பிறகு மீண்டும் உறங்க ஆகும் நேரம் ஒன்றரை மணியிலிருந்து இருபது நிமிடமாக வந்துவிட்டது. எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன். அப்படிக் குறைய வேண்டுமென்றால் வென்லாஃபாக்ஸின், கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. அவை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மருந்தாளுநரின் சரிபார்ப்பு எனக்குப் பத்தே நிமிடத்தில் முடிந்தது. ஆனால் எங்கள் குழுவில் டமாக்ஸிஃபென் என்ற வேறு வகை ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைச் சாப்பிட்டுவந்த ஒருவருக்கு அது பெரிய உதவியாக அமைந்தது. மனச்சோர்வுக்காக வேறோர் இடத்தில் அவருக்குப் பராக்ஸெடின் கொடுத்திருந்தார்கள். டமாக்ஸிஃபென் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு வீரியத்தோடு வேலை செய்யும். பராக்ஸெடினும் ஃப்ளுவாக்ஸெடினும் அந்த நொதியைத் தடுப்பவை. இரு மருத்துவர்களும் பேசி மருந்தை மாற்றினார்கள். டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் பிறப்புறுப்பில் எதிர்பாராத இரத்தக்கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றும் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்.

குறைகளும் உண்டு. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் என்னுடையதைப் போன்ற அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையைத் தொடங்கும்போதே எடுக்கப்பட வேண்டும். எனக்கோ நானே கேட்டு ஒன்பதாவது மாதத்தில்தான் எடுத்தார்கள். அதற்குள் டி-ஸ்கோர் மைனஸ் 1.8, அதாவது எலும்பு மெலியத் தொடங்கிய நிலை. முன்பே எடுத்திருந்தால் ஒப்பிட ஓர் அளவாவது இருந்திருக்கும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. தொலைபேசி எண் அலுவலக நேரத்தில் மட்டுமே இயங்குகிறது, தொல்லையோ நள்ளிரவில் வருகிறது. குரல் பதிவு விட்டுவைத்தால் மறுநாள் மதியத்துக்குள் அழைப்பு வந்துவிடுகிறது என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று. 4 வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் குறிப்புத் தாளில் தூக்கம், வலி, கொதிப்பு, களைப்பு எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. பிறப்புறுப்பு வறட்சிக்கும் தாம்பத்திய வலிக்கும் கட்டமே இல்லை. அத்தனை நுணுக்கமாகக் கேட்ட செவிலியரும் இதை மட்டும் கேட்கவில்லை. ஐந்தாவது அழைப்பில், கதவைச் சாத்திக்கொண்டு, நானாகத்தான் ஆரம்பித்தேன். பேச்சு தொடங்கிய பின் அவர் தயங்கவில்லை: ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பை வாரத்தில் இரண்டு மூன்று முறை தடவுவது, உறவின்போது வழவழப்புக்கான ஜெல்லைத் தனியாகப் பயன்படுத்துவது, ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாமல் இருப்பது என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சை ஆரம்பிக்கும் பாரம் நோயாளியின் தலையில் விழக்கூடாது. சொல்லக் கூச்சப்பட்டுப் பல மாதம் தவித்து, கடைசியில் மாத்திரையையே விட்டுவிடுகிறவர்கள் இருப்பார்கள். இதைக் கடிதமாக எழுதி அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் கொடுத்தேன்.

சென்ற மாதம் வந்த புதிய குறிப்புத் தாளில், களைப்புக்கான கட்டத்துக்குக் கீழே இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருந்தன. இரண்டையும் நிரப்பித்தான் அனுப்பினேன்.