கவுண்ட் விழுந்த நேரத்தில் காய்ச்சல்: பிப்டாஸா, மெரோவா, கொலிஸ்டினா?

கேன்சர் வார்டுக்கு மருந்து அனுப்பும் ஃபார்மசியில் நைட் ட்யூட்டி பார்க்கிறவன் நான். கீமோ முடிந்து பத்து நாள், கிருமியோடு சண்டைபோடும் வெள்ளணுவான நியூட்ரோபிலின் கவுண்ட் 500-க்குக் கீழே, திடீரென்று 101 டிகிரி காய்ச்சல் என்று அட்மிட் ஆகிறவர்களின் வீட்டார் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "சார், இருக்கிறதுலயே பெரிய ஆன்டிபயாடிக்கா போடச் சொல்லுங்களேன்."

ஆசை நியாயம்தான். சீழ் கட்டுவதற்குக்கூட வெள்ளணு இல்லாத உடம்பு, பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி, ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனஸ் மாதிரி கிருமி ஏதாவது ரத்தத்தில் ஏறிவிட்டால் சில மணி நேரத்தில் பிரஷர் விழுந்துவிடலாம். அதனால் கையில் ஒன்று, கீமோ ஏற்ற மார்பில் பதித்த போர்ட்டில் ஒன்று என்று கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க, ரத்தம் எடுத்த கையோடு முதல் டோஸ் ஏற வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். எந்த மருந்து என்ற சண்டையைவிட இந்த ஒரு மணி நேரம் முக்கியம்.

சரி, சண்டைக்கு வருவோம். பிப்பெராசிலின்-டாசோபாக்டம், அதாவது பிப்டாஸ், சூடோமோனஸ் வரை பிடிக்கும், விலையும் தாங்கும். மெரோபெனம் அதைவிட அகலம். ஆனால் நம் ஊரில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா பெரும்பாலும் ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் ஈ.எஸ்.பி.எல். என்சைமோடுதான் வருகிறது, பிப்டாஸ் சறுக்குவது அங்கேதான். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத இந்த இரண்டு கிருமிகள் ரத்தத்தில் இருந்தவர்களை வைத்து 2018-ல் வெளியான மெரினோ ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் பிப்டாஸ் பக்கம் 12.3 சதவீதம், மெரோ பக்கம் 3.7. பிறகு லேப் அளவீடுகளைத் திரும்பப் பார்த்தபோது இந்த இடைவெளி குறைந்தது, அதில் கவுண்ட் விழுந்தவர்களும் சொற்பம். ஆனாலும் ரத்தத்தில் ஈ.எஸ்.பி.எல். என்று தெரிந்த பிறகு பிப்டாஸிலேயே தொடர்வதை நான் ஏற்க மாட்டேன்.

அதற்காக எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் மெரோவா? பிரஷர் சரியாக இருந்து, முன்பு ரெசிஸ்டன்ட் கிருமி வந்த சரித்திரம் இல்லையென்றால் பிப்டாஸோ, செஃபிபீம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கோ போதும். ஆள் தள்ளாடிக்கொண்டு வந்தால், அல்லது பழைய கல்ச்சரில் ஈ.எஸ்.பி.எல். இருந்தால், நேரே மெரோ. மூன்றாம் நாள் சாதாரண ஈ.கோலை என்று ரிப்போர்ட் வந்து மெரோவை நிறுத்தி மருந்தைக் கீழே இறக்கினால் வீட்டார் முகம் வாடிவிடுகிறது. "குறைஞ்ச மருந்துக்கு மாத்திட்டாங்களே" என்று என் கவுன்டரில் ஒருவர் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார். அந்தக் கிருமிக்கு அதுதான் சரியான மருந்து என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

அமிகாசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் கூடச் சேர்க்கலாமா என்பது பழைய கேள்வி. பிரஷர் விழுந்து ஷாக்கில் இருப்பவருக்கு ஓரிரு டோஸ், சரி. எல்லோருக்கும் வழக்கமாகச் சேர்த்தால் உயிர்கள் கூடுதலாகப் பிழைப்பதில்லை, கிட்னிதான் அடி வாங்குகிறது.

உண்மையான தலைவலி மெரோவுக்கும் அடங்காத கிருமி. மெரோவையே உடைக்கும் என்.டி.எம். என்ற என்சைம் பற்றி 2010-ல் வந்த ஆய்வில் சென்னையில் மட்டும் அதைச் சுமந்த கிருமி 44 மாதிரிகளில் கிடைத்தது, இன்றும் அது நம் பெரிய தொல்லை. இங்கே ஒரு பக்கம் கொலிஸ்டின், மறுபக்கம் செஃப்டாசிடைம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனம். கொலிஸ்டின் 1950-களின் சரக்கு, கிட்னியைக் கெடுக்கிறது என்று ஓரம்கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்கெனவே அரித்து வைத்த கிட்னியில் இதை ஏற்றுவது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

மற்ற ஜோடியின் தந்திரம் அழகானது. என்.டி.எம். என்சைமால் அஸ்ட்ரியோனத்தை உடைக்க முடியாது, ஆனால் அதே கிருமியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈ.எஸ்.பி.எல். உடைத்துவிடும், அதன் கையைக் கட்டிப்போடுவது அவிபாக்டம். இத்தாலி, கிரீஸ் நோயாளிகள் 102 பேரைக் கவனித்து 2021-ல் வந்த ஆய்வில், 30 நாளில் இறந்தவர்கள் இந்த ஜோடியில் 19.2 சதவீதம், கொலிஸ்டின் உள்ளிட்ட மற்ற மருந்துகளில் 44. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல, இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். விலைதான் இடிக்கும்: இரண்டு மருந்தும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆகும் பில்லைப் பார்த்துவிட்டு, நகையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்து, 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த என்மெடாசோபாக்டமும் செஃபிபீமோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் அது ஈ.எஸ்.பி.எல்.லுக்கு எதிரான ஆயுதம், என்.டி.எம்.மிடம் பலிக்காது, பெரிய ஆய்வும் சிறுநீர்த் தொற்றில்தான் நடந்தது.

இன்னொன்று, இந்தியாவில் கிடைக்கும் ஈ.கோலை சிலவற்றில் அஸ்ட்ரியோனம் போய் ஒட்டும் இடமே மாறியிருப்பதால் அந்த ஜோடியும் தோற்கலாம். அதனால் லேபில் கிருமி பரப்பிய தட்டில் இரண்டு மருந்து வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறுநாள் நடுவில் கிருமி வளராத தெளிந்த இடம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு ராத்திரி ஆகும், மருந்தை அதற்குள்ளேயே ஆரம்பித்திருப்போம்.