120 ஃபிலிமில் விழுந்த ஒற்றைக் கோடு: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமராவில் இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமை, 120 என்ற அகலமான ரோல் அளவில், போட்டுப் படம் எடுக்கிறேன். ரோலுக்கு 12 சதுரப் படங்கள். டெவலப் செய்வதெல்லாம் வீட்டுக் குளியலறையில்தான். இத்தனை நாளில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே ஒரு கோடு.

இரண்டாவது வருடம், ஸ்கேன் செய்த படங்களில் வானத்தின் நடுவே தலைமுடி அளவுக்குக் கருப்புக் கோடு தெரிந்தது. ஈர நெகடிவை வழிக்கும் ரப்பர் வைப்பர்தான் காரணம் என்று அதைத் தூக்கிப் போட்டேன். கோடு போகவில்லை. டெவலப் செய்ய ஃபிலிமைச் சுற்றும் ரீலை மாற்றினேன், நெகடிவ் வைக்கும் உறையையும் மாற்றினேன். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. நெகடிவையே உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மேசை விளக்கின் கீழே நெகடிவைச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பான பக்கம் அடித்தளம், மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு. எமல்ஷன் உரிந்த கீறல் நெகடிவில் வெளுத்துத் தெரியும், படத்தில் கருப்பாக வரும். அடித்தளத்துக் கீறல் ஒளியைச் சிதறடிப்பதால் படத்தில் பெரும்பாலும் வெள்ளையாக வரும். 120 ஃபிலிமில் இன்னொரு வசதியும் உண்டு. முதுகுப்பக்கம் முழுவதும் காகிதம் இருப்பதால், ஃபிலிமைத் தட்டையாக வைக்கப் பின்னாலிருந்து அழுத்தும் கேமராவின் தகடு ஃபிலிமைத் தொடவே தொடாது. ஆகவே கேமரா கீறினால் பெரும்பாலும் எமல்ஷன் பக்கம்தான் கீறும். அடித்தளத்தில் கீறல் இருந்தால் கேமராவை விட்டுவிட்டு வைப்பர், விரல், உறை, ஸ்கேனர் பக்கம் போங்கள்.

என் கோடு எமல்ஷன் பக்கம் இருந்தது. ஓரத்துக்கு இணையாக, அடித்து வைத்த கம்பி மாதிரி நேராக, படங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலும் அறுபடாமல் ஓடியது. கையால் வழித்த கோடு கொஞ்சமாவது வளையும். ஸ்கேல் வைத்து அளந்தேன்: ஓரத்திலிருந்து 17 மி.மீ. காலாவதியான ஒரு ரோலை கேமராவில் கடைசிவரை ஓட்டி, டெவலப் செய்யாமலே பகல் வெளிச்சத்தில் விரித்தேன். அதே இடத்தில் அதே கோடு! கேமராவைத் திறந்து அளந்தால், மேல் ரோலரில் 17 மி.மீ. தள்ளி கடுகில் பாதி அளவுக்கு ஒரு துருப்புள்ளி. அந்த ரோலர் சுற்றவும் இல்லை, ஃபிலிம் அதன்மேல் உராய்ந்துகொண்டே போயிருக்கிறது. கடற்கரையில் நிறைய எடுத்தவன் நான். உப்புக்காற்றும் மணலும் வேலையைக் காட்டிவிட்டன என்றுதான் நினைக்கிறேன்.

லைட்டர் பெட்ரோல் தொட்ட பட்ஸால் ரோலரின் இரு முனைகளையும் துடைத்தேன். 2000 நம்பர் எமரித் தாளால் துருவை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் ஈரத்துணியால் எடுத்தேன். இன்னொரு வீண் ரோலை ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. அதன்பின் நாலு வருடமாகக் கோடு இல்லை.

மற்ற குறைகள் இவ்வளவு படுத்தவில்லை. பிறை வடிவக் கறை என்றால் ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நிற்கும், அப்போது தள்ளாதீர்கள். அப்புறம், தளர்ந்த ரோலை இழுத்து இறுக்காதீர்கள், சின்னச் சின்னக் கீறல்கள் கொத்தாக விழும்.

மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரை நேராக விட்டுக் கழுவவே வேண்டாம். எமல்ஷன் ஊறி, நகம் பட்டாலே பெயர்ந்துவிடும். நான் டெவலப்பர் முதல் கடைசிக் கழுவல் வரை எல்லாவற்றையும் 24 டிகிரியில் வைத்து, டெவலப் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அதனால் கடைசி முக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில், தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோட உதவும் இல்ஃபோட்டாலை லிட்டருக்கு 5 மி.லி. கலந்து. வைப்பர் திரும்ப வாங்கவில்லை, கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் போதும்.

அகச்சிவப்பு ஒளியால் தூசி, கீறலைக் கண்டுபிடித்துத் தானாக அழிக்கும் ஸ்கேனர் வசதியை இங்கே நம்பாதீர்கள். கருப்பு வெள்ளை ஃபிலிமின் வெள்ளி அந்த ஒளியையும் மறைத்துவிடுவதால், படத்தையே கீறல் என்று நினைத்துக் குழப்பிவிடும். கையால்தான் சரிசெய்ய வேண்டும். அந்த ஒரு வருட ரோல்களில் நான் அப்படிச் சரிசெய்தது பாட்டியின் படம் ஒன்றைத்தான். கோடு சரியாகக் கன்னத்துச் சுருக்கங்களுக்கு நடுவே ஓடியது. எது சுருக்கம், எது கீறல் என்று பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து அழிக்க இரண்டு ராத்திரி ஆனது.