ஒரே மரத்தில் இரண்டு அழகர்: நான்கு வருட அனுபவம்

அழகர்மலை அடிவாரத்து ஊர் எங்களுடையது. கோயிலுக்குள் அழகர், வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பன். ஊரில் வீட்டுக்கு வீடு இந்த இரண்டு பெயர்தான்.

நான்கு வருடமாக எங்கள் வம்சத்தை ஆன்லைன் குடும்ப மரம் ஒன்றில் ஏற்றி வருகிறேன். உறவுக்காரர் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது மரம். முதல் வருடம் சுகமாகப் போனது. இரண்டாம் வருடம் ஒருநாள் திறந்து பார்த்தால், என் கொள்ளுத்தாத்தா கருப்பணன் தன் அப்பாவுக்கே அப்பாவாகியிருந்தார்!

என் தாத்தா அழகர். அவருடைய தாத்தாவும் அழகர். இருவருக்குமே அப்பா பெயரும் கருப்பணன், மகன் பெயரும் கருப்பணன். பேரன் என்றாலே பெயரைச் சுமப்பவன்தானே? தளத்துக்கு அது தெரியாது. எல்லாம் ஒத்துப்போனதும் ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்டிருக்கிறது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போட்டு அதற்குத் தோது செய்து கொடுத்தவன் நான்தான்.

பிறந்த வருடமாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அப்பத்தா, தாத்தாவின் பெயரை வாயால் சொல்லமாட்டார். ‘அவுக தாது வருசத்துப் பிறப்பு’ என்பார். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி வீட்டுத் தம்பி போனில் இதைக் கேட்டு, தாது வருஷப் பஞ்சம்தானே என்று 1876 போட்டுவிட்டான். தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தாத்தா பிறந்தது 1936-இல் வந்த தாது. பெரியவருக்கு நான் உத்தேசமாக 1875 என்று போட்டிருந்தேன். சரியாகப் பொருந்திவிட்டது. தளம் கேட்டதற்கு ‘ஆமாம்’ என்று இருவரையும் இணைத்துவிட்டான். மனைவியர் இருவராயிற்றே என்றால், இரண்டு தாரம் என்று நினைத்தானாம்.

கடைசியில் உதவியது 1948-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். ‘காலஞ்சென்ற அழகர் குமாரர் கருப்பணன்’ என்று மேலே ஒரு வரி. நாலு வரி தள்ளி, ‘மேற்படியார் மைனர் குமாரன் அழகர், வயது 12’. ஒரே தாளில் ஓர் அழகர் செத்துப்போயிருக்கிறார், இன்னொருவர் பள்ளிக்கூடப் பையன்.

இணைப்பை ரத்துசெய்ய ஒரு பொத்தான் உண்டு. ஆனால் இணைத்த பிறகு யாரும் அதில் கைவைக்காமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதற்குள் மூன்று பேர் போட்டோ ஏற்றியிருந்தார்கள். மாற்ற வரலாற்றுக்குள் போய், அழிந்த பதிவை மீட்டு, மனைவி மக்களை ஒவ்வொருவராக உரியவரிடம் சேர்ப்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்புறம் ‘ஒரே ஆள் அல்ல’ என்று குறித்து, பத்திரத்தின் படத்தையும் சேர்த்துவிட்டேன். பட்டப்பெயர் கட்டத்தில் பெரியவருக்கு ‘வண்டிக்கார அழகர்’. அதன்பிறகு யாரும் தொடவில்லை.

தமிழ் வருடம் போட இடமில்லாதது பெரிய குறை. குறிப்பில்தான் எழுதி வைக்கிறேன். ஒரு வருடம் சந்தாவும் கட்டிப் பார்த்தேன், எங்கள் ஊர் ஆவணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் காட்டுகிறதே, அதற்காகவே இந்தத் தளத்தை விடவில்லை.

மரத்தின் இன்னொரு கிளையில், பேச்சியம்மாள் பக்கம் இன்னும் மூன்று பேர் ஒருவராகவே கிடக்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது அத்தையிடம் கேட்க வேண்டும், இந்த முறை செல்போனில் பதிவு செய்துகொண்டு.