மின்சாரமா, பெட்ரோலா: ஐஎக்ஸையும் எக்ஸ்5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வண்டி இரவில் எங்கே நிற்கும்? சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறவர் மின்சாரமா பெட்ரோலா என்று யோசிக்கத் தொடங்கினால், முதலில் இதற்குத்தான் பதில் வேண்டும். சொந்தமாக சார்ஜர் மாட்டிக்கொள்ள இடம் இருந்தால் பேச்சு ஒரு பக்கம் போகும். தெருவோரத்திலோ, சார்ஜர் மாட்ட அனுமதி கிடைக்காத அடுக்குமாடி பார்க்கிங்கிலோ நிற்கும் என்றால் வேறு பக்கம் போகும். வேகம், சத்தம், சீட் தோல் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒப்பிட பி.எம்.டபிள்யூவின் மின்சார எஸ்யூவியான ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50-ஐயும், 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பெட்ரோல் எஸ்யூவியான எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்40ஐ-யையும் எடுத்துக்கொள்கிறோம். காரணம் எளிது. நீளம் முறையே 4,953 மி.மீ., 4,935 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 3,000, 2,975. ஒரே கம்பெனி, இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்த திரை, ஒரே சர்வீஸ் மையம். அதனால் கண்ணில் படும் வித்தியாசத்தில் பெரும்பகுதி எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசமே. 2025-இல் ஐஎக்ஸின் பெயர்கள் 45, 60, எம்70 என்று மாறி, பேட்டரியும் கொஞ்சம் மாறியது. ஆனால் கீழே போடும் கணக்கின் போக்கு மாறாது.

ஐஎக்ஸ்50-இல் இரண்டு மோட்டார்கள், 523 குதிரைத்திறன், 765 நியூட்டன் மீட்டர் டார்க்; 100 கி.மீ. வேகத்தை 4.6 விநாடியில் தொடும். எக்ஸ்5-இல் 3 லிட்டர், நேர் வரிசை 6 சிலிண்டர் டர்போ, 381 குதிரைத்திறன், 5.4 விநாடி. இந்த முக்கால் விநாடி யாருக்கும் பெரிய விஷயமில்லை. நிஜ வித்தியாசம் 70 கி.மீ. வேகத்தில் லாரியை முந்தும்போது தெரியும். எக்ஸ்5-இல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கியர்பாக்ஸ் 8-இலிருந்து 4-க்கோ 5-க்கோ இறங்க வேண்டும், டர்போ காற்றழுத்தம் ஏற வேண்டும், அதன் பிறகே வண்டி பாயும். ஐஎக்ஸில் மிதித்த கணமே இழுவை வந்துவிடும். தினம் இருவழிச் சாலையில் ஓட்டுகிறவருக்கு இது சொகுசு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

அதற்காக எக்ஸ்5-ஐ மட்டமாகச் சொல்ல முடியாது. இந்த 6 சிலிண்டர் எஞ்சின் இன்று விற்பனையில் உள்ள மிக நயமான பெட்ரோல் எஞ்சின்களில் ஒன்று. 48 வோல்ட் உதவி மோட்டார் இருப்பதால் சிக்னலில் அணைந்து மீண்டும் ஓடத் தொடங்குவது காலில் தெரியவே தெரியாது. எடையும் எக்ஸ்5-க்குச் சாதகம். ஐஎக்ஸ் இரண்டரை டன். எக்ஸ்5 அதைவிட 300 கிலோவுக்கு மேல் குறைவு. வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் அந்த 300 கிலோ ஸ்டீயரிங்கில் தெரியும். ஐஎக்ஸின் எடை தரையோடு தாழ்ந்து கிடப்பதால் சாய்வு குறைவு, ஆனால் டயர் படும் பாடு அதிகம்.

இனி சார்ஜர். ஐஎக்ஸ்50-இல் பயன்படுத்தக்கூடிய பேட்டரி அளவு 105.2 கிலோவாட் மணி, அதாவது 105 யூனிட். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற ஏறத்தாழ 74 யூனிட் வேண்டும். மும்முனை இணைப்பில் 11 கிலோவாட் கிடைத்தால் 7 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒருமுனை 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட், 10 முதல் 11 மணி நேரம். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 2.3 கிலோவாட் மட்டுமே. ஒன்றரை நாள் ஆகும். அதை நம்பி இந்த வண்டியை வாங்கக் கூடாது, அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்க வேண்டியவை இவை. 32 ஆம்பியர் சார்ஜருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 40 ஆம்பியர் பிரேக்கர். கேபிள் குறைந்தது 6 சதுர மி.மீ. தாமிரம், போர்டுக்கும் பார்க்கிங்குக்கும் தூரம் அதிகமென்றால் 10. தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிடி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்). சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பகுதி இல்லையென்றால், டைப் பி வகை ஆர்சிடி போட வேண்டும். விலை கூடும் என்று இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எர்த்திங் சரியில்லை என்றால் வண்டியோடு வரும் கேபிள் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு சார்ஜ் ஏற்ற மறுக்கும். பழுது வண்டியில் என்று நினைத்து சர்வீஸ் மையத்துக்கு அலைவதில் பயனில்லை. இன்னொன்று: 32 ஆம்பியர் இரவு முழுக்க நிற்காமல் ஓடும். டெர்மினல் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, இன்சுலேஷன் கருகி உருகும். மாட்டிய ஒரு மாதத்தில் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டவே வேண்டாம்.

ஐஎக்ஸின் சார்ஜிங் வாய் வலது பின்பக்கம் இருக்கிறது. வண்டியை முன்பக்கமாக உள்ளே விடுவீர்களா, ரிவர்ஸிலா என்று பார்த்து சார்ஜரின் இடத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு மீட்டர் கேபிள் குறைந்தால் தினமும் எரிச்சல்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. விளம்பரத்தில் 195 கிலோவாட் என்று இருக்கும். அது உச்சம், பேட்டரி காலியாக, தக்க சூட்டில் இருக்கும்போது சில நிமிடம் கிடைப்பது. 10-இலிருந்து 80 வரை 35 நிமிடம் என்பது கம்பெனிக் கணக்கு. 74 யூனிட்டை 35 நிமிடத்தால் வகுத்தால் சராசரி 127 கிலோவாட்தான். 80-க்கு மேல் வேகம் சரிந்துவிடும்; அங்கே காத்திருப்பது வீண், கிளம்பி அடுத்த சார்ஜரைப் பார்ப்பதே லாபம். 50 கிலோவாட் சார்ஜர் என்றால் ஒன்றரை மணி நேரம். குளிரில் பேட்டரி ஜில்லென்று இருந்தால் உச்ச வேகமே வராது. இதற்கு வழி உண்டு: போகும் இடமாக அந்த சார்ஜரையே நேவிகேஷனில் போட்டுவிட்டால், வண்டி வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு போய்ச் சேரும். போனில் வேறு மேப்பைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. “என் வண்டியில் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது” என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

ரேஞ்சையும், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தையும், அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். டபிள்யூஎல்டிபி எனும் ஆய்வகச் சோதனையில் 630 கி.மீ. வரை. 120 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 25 யூனிட் போகும். முழு பேட்டரிக்கு 420 கி.மீ. ஆனால் நீண்ட பயணத்தில் யாரும் முழுசாகத் தீர்ப்பதில்லை. 80-க்கு ஏற்றி 10-க்கு இறங்கும்வரை ஓட்டினால் நிஜத்தில் கிடைப்பது 290-300 கி.மீ. இந்த எண்ணை மனதில் வைத்து உங்கள் வழக்கமான வழியில் சார்ஜர்கள் எத்தனை, ஒரு நிலையத்தில் எத்தனை துப்பாக்கிகள் (வண்டியில் செருகும் சார்ஜிங் முனைகள்) என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு துப்பாக்கி உள்ள நிலையத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உறைகுளிரில் இன்னும் 20 முதல் 30 சதவீதம் குறையும். வெயிலில் ஏசிக்குப் போவது மிகக் குறைவு. வண்டி நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஏசி ஓடினாலும் பேட்டரியில் ஒன்றிரண்டு சதவீதத்தோடு முடிந்துவிடும்.

எக்ஸ்5-இல் 83 லிட்டர் டேங்க். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் 800 கி.மீ. தாண்டும். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நிரம்பும். மாதத்தில் பல நாள் 600, 700 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இதற்கு ஈடு இன்னும் வரவில்லை.

செலவுக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. எக்ஸ்5-க்கு 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். ஐஎக்ஸுக்கு நகரம், நெடுஞ்சாலை கலந்து 22 யூனிட். ஏற்றும்போது சூடாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 24. ஆக, ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் மின்சாரம் ஜெயிக்கும். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே இருக்கும். பொது வேக சார்ஜர்கள் பல இடங்களில் அந்தக் கோட்டை நெருங்கும், சில இடங்களில் தாண்டும். வீட்டில் சார்ஜர் இல்லாமல் மின்சார எஸ்யூவி வாங்கினால் எரிபொருள் மிச்சம் என்ற வாதமே அடிபட்டுப்போவது இதனால்தான்.

சர்வீஸில் ஐஎக்ஸுக்கு வேலை குறைவு: கேபின் ஃபில்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், டயர், வைப்பர். பானெட்டை நீங்கள் திறக்க வழியே இல்லை. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்ற, முன்னால் உள்ள வட்டச் சின்னத்தை அழுத்தினால் அது எழும்பும். வாய் அதன் கீழே. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் அதிகம் வேலை செய்யாமல் துருப்பிடிக்கும்; வாரம் ஒருமுறையாவது பின்னால் யாரும் வராத இடத்தில் நன்றாக அழுத்திப் பிரேக் போடுங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்க விடாதீர்கள், அடியில் இருப்பது பேட்டரிப் பெட்டி. பெரிய கல் அடித்தாலும் சர்வீஸ் மையத்தில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அடிப்பகுதி சேதம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான 12 வோல்ட் பேட்டரி மின்சார வண்டியிலும் உண்டு. அது செத்தால் 105 யூனிட் இருந்தும் வண்டி கிளம்பாது.

எக்ஸ்5 எஞ்சின் உறுதியானது, ஆனால் சும்மா விட்டால் கேட்காது. ஆறரை லிட்டர் எஞ்சின் ஆயில் வேண்டும். திரை இரண்டு வருடம் என்று காட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 15,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவதே டர்போவுக்கு நல்லது. ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கேஸ்கெட் கசிவு இந்த எஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். கூலன்ட் அளவு மெல்லக் குறைந்தால் நிரப்பிவிட்டு மறந்துவிடாமல் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஏர் சஸ்பென்ஷன் எடுத்தால் இரண்டு வண்டியிலும் காற்றுப் பை கசிவு ஒருநாள் செலவு வைக்கும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால் அதுதான் அறிகுறி. கம்ப்ரசர் சேர்ந்து கெடுவதற்குள் சரிசெய்துவிடுங்கள்.

இடவசதியில் பெட்ரோல் வண்டிக்கே ஓட்டு. எக்ஸ்5 டிக்கி 650 லிட்டர், இரண்டாகப் பிளந்து திறக்கும் கதவு, விருப்பப்பட்டால் மூன்றாம் வரிசையும் கிடைக்கும். ஐஎக்ஸில் 500 லிட்டர். ஏழு சீட் கிடையாது. ஆனால் ஐஎக்ஸின் பின் சீட்டில் நடுத் திட்டு இல்லை, தரை சமதளம். நடுவில் உட்காருகிறவருக்குக் கால் வைக்க நிம்மதி. டிரெய்லர் இழுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்5-தான். ஐஎக்ஸின் எல்லை 2,500 கிலோ, அதுவும் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகும். பல நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றினால்தான் சார்ஜரை நெருங்கவே முடியும்.

மறுவிற்பனையில் மின்சார எஸ்யூவி வேகமாக விலை இறங்குகிறது. புதிதாக வாங்குகிறவருக்கு நஷ்டம், பழையது வாங்குகிறவருக்கு நல்ல வேட்டை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செல்லும். 72-இல் நின்றால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே பழைய ஐஎக்ஸ் என்றால் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கைக்கு வந்த பிறகு அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 100 வரை ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துவதுதான் பேட்டரியை அரிக்கும்.

நடுவழி ஒன்றும் உண்டு: எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்50இ. 25.7 யூனிட் பேட்டரி, நிஜத்தில் 60 கி.மீ. தூரத்துக்கு மின்சாரம், அதற்கு மேல் அதே 6 சிலிண்டர். டேங்க் 69 லிட்டராகக் குறையும், வேக சார்ஜிங் கிடையாது. தினமும் இரவில் பிளக் போடுகிற பழக்கம் உள்ளவருக்கு அருமையான வண்டி. பிளக்கே போடாமல் ஓட்டினால் கனமான பெட்ரோல் வண்டி மட்டுமே.

வீட்டில் சார்ஜர், தினம் 50 முதல் 150 கி.மீ., எப்போதாவது வெளியூர் என்றால் தயங்காமல் ஐஎக்ஸை எடுங்கள். அன்றாடத்தில் அதன் அமைதிக்கும் இழுவைக்கும் எக்ஸ்5 பக்கத்தில் வராது. மற்றவர்களுக்கு எக்ஸ்5. டெஸ்ட் டிரைவில் இரண்டையும் 22 அங்குல வீலோடு தந்தால் ஏற்காமல், நீங்கள் வாங்கப் போகும் வீல் அளவிலேயே கேளுங்கள். எஞ்சின் சத்தம் இல்லாத ஐஎக்ஸில் டயர் இரைச்சல் தனியாகக் காதில் விழும். டிரிப் மீட்டரை சைபராக்கி, அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று திரையில் வருவதை எழுதி வாருங்கள். 105-ஐ அந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் ரேஞ்ச்.