1972 ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர்: சிவப்பு பெயின்ட்டுக்கு அடியில என்ன இருந்துச்சு

கணக்க முதல்ல சொல்லிடறேன். வண்டி வாங்கினது 17,500 யூரோ. ரோட்டுல இறங்கி ஓட ஆரம்பிச்சப்ப மொத்தமா கைய விட்டுப் போனது 38,100 யூரோ. எல்லாம் முடிஞ்சு மதிப்பீடு பண்ண வந்தவர் எழுதிக் குடுத்த மதிப்பு 29,000. இதப் படிச்சுட்டு "எனக்கெதுக்கு இந்த வம்பு"ன்னு போறவங்க புத்திசாலிங்க, மத்தவங்க மேல படிங்க.

நான் இருக்கிறது ஸ்டுட்கார்ட் பக்கம், வண்டி வாங்கினது வட இத்தாலியில, பெர்கமோவுக்கு கொஞ்சம் தள்ளி. ஸ்பைடர்ங்கறது ஆல்ஃபா ரோமியோவோட மேல திறந்த ரெண்டு சீட் கார், 1966 ஜெனீவா ஷோவுல வந்தது, டிசைன் பண்ணினது பின்னின்ஃபரினாங்கற இத்தாலி கம்பெனி. மொதல்ல வந்தது பின்பக்கம் உருண்டையா இருக்கும், அதத்தான் டுவெட்டோன்னு சொல்வாங்க, இத்தாலிக்காரங்க கணவாய் மீன் எலும்புன்னு பட்டப்பேர் வெச்சிருக்காங்க, பார்த்தீங்கன்னா அப்படியேதான் இருக்கும். 1970 மாடல்லேர்ந்து வாலை நறுக்கின மாதிரி ஆக்கிட்டாங்க, என்னோடது அந்த ரகம், 1962 சிசி இஞ்சின். அப்புறம் ரப்பர் ஸ்பாய்லர் அது இதுன்னு ஒட்டவெச்சு 1993 வரைக்கும் ஓட்டிட்டாங்க, மொத்தம் 1,24,000 வண்டி கிட்ட. அதனால இது அபூர்வமான வண்டியெல்லாம் கிடையாது, பார்ட்ஸ் இன்னிக்கும் புதுசாவே கிடைக்குது, அதுதான் நான் ஃபெராரி பக்கம் தலைவெச்சுப் படுக்காம இது பக்கம் வந்ததுக்கு காரணம். டுவெட்டோ ஆசைதான், ஆனா அதோட விலை நமக்கு ஆகாது.

வித்தவர் ரிட்டயர் ஆன மனுஷன், காபி குடுத்தார், வீட்டம்மா பிஸ்கட் குடுத்தாங்க, ஷெட்ட தொறந்தா செக்கச்செவேல்னு பளபளன்னு நிக்குது. "ரெஸ்தௌராத்தா, ரெஸ்தௌராத்தா"ன்னு நாலு தடவ சொன்னார், அதாவது எல்லா வேலையும் பார்த்து புதுசாக்கினதாம். இங்கதான் நான் விழுந்தேன். எங்க பெரியப்பா திருச்சியில ஒரு பிரீமியர் பத்மினி வெச்சிருந்தார், அதுவும் இத்தாலி வம்சம்தானே, ஃபியட் 1100. அவரு பழைய வண்டி எது பார்க்கப் போனாலும் விரல் முட்டியால தகட்ட தட்டிக்கிட்டே சுத்தி வருவார். தகடா இருந்தா டங்குன்னு கேக்கும், பட்டி போட்டு மெழுகியிருந்தா தொப்புன்னு கேக்கும். சின்ன வயசுல கூடவே போயி பார்த்தவன் நான். பெர்கமோவுல தட்டினேனா? தட்டினேன். வலதுபக்க பின் சக்கரத்துக்கு மேல தொப்புன்னுதான் கேட்டுச்சு. ஆனா வெயில்ல அந்த சிவப்ப பார்த்தப்புறம் காது வேலை செய்யல.

பேப்பர் வேலை ஒழுங்கா நடந்துச்சு, அத சொல்லணும். இத்தாலியில வண்டிப் பதிவேட்டுக்கு பி.ஆர்.ஏ-ன்னு பேரு, வெளிநாட்டுக்குப் போறதுன்னா அதுலேர்ந்து பேரை நீக்கி பேப்பர் வாங்கணும், அது கையில வராம மீதிப் பணத்த குடுக்காதீங்க. டிரெய்லர்ல ஏத்தி பிரென்னர் கணவாய் வழியா கொண்டு வந்தேன், சுவிஸ் வழி கிட்டத்தான், ஆனா நடுவுல கஸ்டம்ஸ் தொல்லை.

இங்க வந்து லிஃப்ட்ல ஏத்தினதும் கதை கந்தல். இந்த வண்டிக்கு மேல இரும்புக் கூரை கிடையாது, அதனால மொத்த பலமும் கதவுக்குக் கீழ ஓடுற ரெண்டு பக்க சில்லுலயும் தரையிலயும்தான் இருக்கு. அந்த சில் மூணு அடுக்கு தகடு, வெளிய ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உள்ள ஒண்ணு. என் வண்டியில வெளித்தகடு புத்தம்புதுசு, நடுத்தகடு அப்பளம். யாரோ புண்ணியவான் துருவ எடுக்காமலே அது மேல புதுத்தகட்ட வெச்சு வெல்டு அடிச்சு, பட்டி போட்டு, சிவப்ப அடிச்சிருக்கார். லிஃப்ட் தூக்கினதும் வண்டி நடுவுல லேசா தொங்கிடுச்சு, கதவு சாத்த மாட்டேங்குது. ஸ்டெப்னி வெக்கிற குழியில தண்ணி நின்னு ஓட்டை, ரேடியேட்டருக்குக் கீழ இருக்கிற குறுக்குத் தகடு ஓட்டை. வாங்குறதுக்கு முன்னாடியே வண்டிய தூக்கி நிறுத்திக் கதவ தொறந்து சாத்திப் பாருங்கன்னு ஊரெல்லாம் சொல்ற விஷயம்தான், நான் காபி குடிச்சுட்டு இருந்தேன்.

மொதல்ல குடுத்த ஒர்க்‌ஷாப் பேர் வேண்டாம். ஒருநாள் போன் பண்ணாம போய் நின்னேன். கதவு வர்ற இடத்துல இரும்புக் கம்பிய குறுக்க வெல்டு பண்ணி முட்டுக்குடுக்காம ரெண்டு பக்க சில்லையும் ஒண்ணா அறுக்க மார்க் பண்ணி வெச்சிருக்காங்க! அப்படி அறுத்தா பாடி கோணிக்கும், அதுக்கப்புறம் எந்தக் கதவும் ஜென்மத்துக்கும் சேராது. அன்னிக்கே டிரெய்லர் வரவழைச்சு வண்டிய எடுத்துட்டேன், பம்பர் போல்ட் எல்லாம் போட்டு வெச்ச டப்பா மட்டும் திரும்பி வரல, அத நாலு மாசம் ஒவ்வொண்ணா தேடி வாங்கினேன்.

ரெண்டாவது ஆள் சரியான ஆள். தெற்கு இத்தாலி கலாப்ரியாக்காரர், எழுபது தாண்டியிருக்கும். 1955ல ஜெர்மனியும் இத்தாலியும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்களே, அந்த அலையில ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பம். ஒரு பக்கம் முட்டு, ஒரு பக்கம் அறுப்பு, வெல்டு, ஆறவிட்டு அளவு எடுப்பு, அப்புறம்தான் அடுத்த பக்கம். ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டோ எடுக்கச் சொன்னார், எதுக்குன்னு அப்ப புரியல. எல்லாம் முடிச்சு சில்லுக்குள்ள மெழுகு பீச்சி அடிச்சார். டிங்கரிங், பெயின்ட் மட்டும் 14,200 யூரோ. புதுத்தகடு என்னவோ சில நூறு யூரோதான், காசெல்லாம் கூலிக்குத்தான் போகும், ஆனா அந்தக் கூலி நியாயம்.

பெயின்ட் விஷயம் தனிக்கதை. கார்ப்பெட்ட உரிச்சப்ப அடியில காவி மஞ்சள் தெரிஞ்சுச்சு. மிலான் பக்கத்துல ஆரேசேல ஆல்ஃபாவோட மியூசியமும் ஆவணக் காப்பகமும் இருக்கு, சேஸிஸ் நம்பர் குடுத்தா அந்த வண்டி எப்ப செஞ்சது, என்ன கலர்ல போச்சுன்னு சான்றிதழ் குடுப்பாங்க. வந்துச்சு, ஜால்லோ ஓக்ரா, அதாவது காவி மஞ்சள். இத்தாலி வண்டின்னா சிவப்புதான்னு ஊரே நினைக்குது, அதனால அந்தக் காலத்து பச்சை, ஓக்ரா, கருநீலம் எல்லாத்தையும் சிவப்பா அடிச்சு வித்திருக்காங்க. நான் பழைய கலருக்கே போனேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு என் மனைவி பால்கனியிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டு "ஏங்க, இவ்ளோ செலவு பண்ணி சாம்பார் கலரா?"ன்னு கேட்டா. எனக்குப் பிடிச்சிருக்கு.

இஞ்சினப் பத்தி பயப்படவே வேண்டாம். முழு அலுமினியம், மேல ரெண்டு கேம் ஷாஃப்ட், ரெட்டை கார்ப்பரேட்டர், என்னோடதுல டெல்லோர்ட்டோ கம்பெனி செஞ்சது. 130 குதிரைசக்தி கிட்ட, வண்டி எடை ஒரு டன்னை ஒட்டித்தான், அப்ப யோசிச்சுக்கோங்க. வழக்கமான வியாதி ஹெட் கேஸ்கெட்தான், அதாவது இஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற அடைப்பு. ஆயில் போற ஓட்டைகள சுத்தி குட்டி ரப்பர் வளையம் இருக்கும், அது செத்தா ஆயிலும் தண்ணியும் கலந்து மோர்க்குழம்பு மாதிரி ஆயிடும், ஆயில் ஊத்துற மூடிய தொறந்து பார்த்தாலே தெரிஞ்சிடும். எனக்கு 1,850 ஆச்சு. அடுத்தது கியர் பாக்ஸ், ரெண்டாவது கியரோட சிங்க்ரோ, அதாவது கியர் சத்தமில்லாம விழ உதவுற வளையம், தேஞ்சு போயிருக்கும், காலையில குளிர்ல போட்டா கரக்குன்னு கத்தும். மாத்த 1,100. மாத்தினப்புறமும் அந்த கலாப்ரியா பெரியவர் விடல, "பியானோ, பியானோ"ன்னு கையால காத்த அமுக்கிக் காட்டறார், மெதுவா, மெதுவா. ஆயில் சூடாகிற வரைக்கும் ரெண்டாவது கியர அவசரப்படுத்தக் கூடாது, 3,000 ஆர்.பி.எம் தாண்டக் கூடாது. மீதி, மேல மூடுற துணி ஹூட், சீட் ரெக்ஸின் 1,400, டயர் நாலும் 550, டிரெய்லர் 900, பேப்பர் செலவு 600.

மதிப்பீடு எப்படி நடக்குதுன்னு பல பேருக்குத் தெரியாது. ஜெர்மனியில 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க, இந்த ஊர் ஸ்கூல் மாதிரி 1 தான் உசத்தி. 1ன்னா குறையே இல்லாதது, 3ன்னா தேஞ்சிருக்கும் ஆனா ஓடும், 5ன்னா எலும்புக்கூடு. வந்தவர் நான் அடுக்கி வெச்ச பில்லுங்கள கண்ணெடுத்தும் பார்க்கல! நீ எவ்வளவு செலவு பண்ணினங்கறது அவருக்கு விஷயமே இல்ல, இதே வண்டி சந்தையில எவ்வளவுக்குப் போகும்ங்கறதுதான். பெயின்ட் கனம் அளக்குற மீட்டர தகடு தகடா வெச்சார், பெரியப்பாவோட விரல் முட்டி வேலைதான், பேட்டரி போட்டது. இஞ்சின் நம்பர் 00512ன்னு ஆரம்பிக்குதான்னு பார்த்தார், அதுதான் 2000 இஞ்சினோட வகை, வேற இருந்தா யாரோ மாத்திட்டாங்கன்னு அர்த்தம். சேஸிஸ் நம்பர் குத்தின இடத்துல வெல்டு தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சார். கடைசியில அந்த வெல்டிங் போட்டோங்களத்தான் ரொம்ப நேரம் பார்த்தார், ஒரு மார்க் ஏத்தினதே அதுதான்னு சொன்னார், கூடவே பழைய கலரும் ஆரேசே சான்றிதழும். 2ஐ விட ஒரு நூல் மட்டமான தரம் கிடைச்சுது. இன்ஷூரன்ஸ்காரங்க இந்த அறிக்கைய வெச்சுத்தான் தொகைய எழுதுவாங்க, அது இல்லாம நாளைக்கு வண்டி திருடு போனா வெறும் பழைய காருக்கான காசுதான் வரும்.

30 வயசு தாண்டி, பெருசா மாத்தாம, நல்லா இருக்கிற வண்டிக்கு இங்க எச்-ன்னு முடியற நம்பர் பிளேட் குடுப்பாங்க. வருஷ வரி 191 யூரோ, அது இல்லாட்டி இந்த இஞ்சினுக்கு 500 தாண்டும்.

ஓட்டறதுக்கு எப்படின்னு சொல்லவே இல்லல்ல. ஸ்டியரிங் எட்டத்துல, பெடல் கிட்டத்துல, நீளமான கையும் குட்டையான காலும் இருக்கிறவனுக்காக செஞ்ச வண்டி, முதல் அரை மணி நேரம் முட்டி வலிக்கும். கியர் ராடு தரையிலேர்ந்து வராம டாஷ்போர்டுக்குக் கீழேர்ந்து கிட்டத்தட்ட படுத்தமேனிக்கு நீட்டிக்கிட்டு வரும், ரெண்டு நாள்ல கை பழகிடும், அப்புறம் வேற எந்த வண்டி கியரும் தப்பா இருக்கிற மாதிரி தோணும். ஹூட்ட சீட்ல உக்காந்தபடியே ஒரு கையால பின்னால தள்ளிடலாம், சிக்னல்ல நிக்கிறப்ப முடிஞ்சிடும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 1972 வண்டிக்கு அது பெரிய விஷயம். 4,000க்கு மேல கார்ப்பரேட்டர் காத்த உறிஞ்சுற சத்தம் ஒண்ணு வரும் பாருங்க, ரேடியோ மாட்டாததுக்கு அதுதான் காரணம். ஹீட்டர் சும்மா பேருக்கு. மழை பேஞ்சா இடது தோள் நனையும், புது ஹூட் போட்டும் நனையுது.

அமெரிக்காவுலேர்ந்து திரும்பி வந்த வண்டிங்க இங்க சந்தையில நிறைய, அத வாங்கலாமான்னு ஒரு நண்பன் கேட்டான். எழுபதுகள்ல போனதுல கார்ப்பரேட்டருக்குப் பதிலா பெட்ரோல பம்ப் வெச்சுப் பீச்சுற ஸ்பிகா இன்ஜெக்‌ஷன் இருக்கும், 1975க்கு அப்புறம் வந்ததுல பம்பர் பெருசா துருத்திக்கிட்டு இருக்கும், அதனால விலை கம்மி. ஆனா கலிஃபோர்னியா மாதிரி காய்ஞ்ச ஊர்லேர்ந்து வந்திருந்தா டாஷ்போர்டு வெடிச்சிருக்கும், ஆனா சில் நல்லா இருக்கும். டாஷ்போர்டு மாத்திக்கலாம்டா மச்சான், அத எடுன்னு சொன்னேன். அவன் இப்ப என்னடான்னா போன வாரம் ஒரு சிவப்பு வண்டி போட்டோ அனுப்பியிருக்கான், கீழ எழுதியிருக்கு, எல்லா வேலையும் பார்த்து புதுசாக்கினதாம்.

வண்டிக்கு 5க்கு 4 ஸ்டார். வாங்கின விதத்துக்கு எனக்கு 1.