ரெதுயி பக்கத்து அரசுப் பள்ளி: ஒரு தாயின் மதிப்புரை

மொரீஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறாள். 1977 முதல் இந்நாட்டில் இடைநிலைக் கல்விக்குக் கட்டணமில்லை. மாணவர்களுக்குப் பஸ்ஸும் இலவசம். நான் இப்பள்ளியைத் தயங்காமல் சொல்வது தமிழ் வகுப்புக்காகத்தான். ஏழே பிள்ளைகள். இங்குப் பேசும் கிரியோல் மொழியிலேயே வளர்ந்த மகளுக்கு 'ழ' வரவே இல்லை. ஆசிரியை அவள் எதிரில் குனிந்து, நாக்கை மடித்துக் காட்டி, "மழை, மழை" என்று ஒரு வாரம் சொல்ல வைத்தார். இவ்வாண்டு தைப்பூசத்தன்று கோயில் அறிவிப்புப் பலகையை எனக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான்.

ஆய்வுக்கூடம் பெரிய குறை. நான்கு பேருக்கு ஒரு நுண்ணோக்கி, அதிலும் ஒன்றில் கண்ணாடி கீறல். பக்கத்திலேயே பல்கலைக்கழகம், கேட்டால் உதவ மாட்டார்களா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன்.