3000 ரூபாய்க்கு ஒரு பிக் வாங்கலாமா? மூன்று முக்கோணங்களின் கதை

கிடார் இருக்கும் வீட்டில் பிக், அதாவது கம்பியை மீட்ட விரலில் பிடிக்கும் அந்தச் சின்னத் துண்டு, தொலைவது ஒரு செய்தியே அல்ல. சோபா இடுக்கு, கட்டிலடி, கிடாரின் வயிறு என்று எங்காவது போய்ச் சேரும். கிடாரைக் கவிழ்த்து உலுக்கினால் போன வருடம் தொலைந்ததுகூடச் சில சமயம் வந்து விழும். ஆனால் அன்று நான் வீட்டையே புரட்டிப் போட்டேன். அழுக்குக் கூடையைக் கொட்டிப் பார்த்தேன். கடைசியில் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை நிறுத்தி, ஈரச் சட்டையின் பையிலிருந்து பழுப்பு நிற முக்கோணம் ஒன்றை எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கா இந்தப் பாடு?" என்றாள் மனைவி. விலையை நான் சொல்லவில்லை.

அந்தத் துண்டின் பெயர் புளூசிப். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் செய்கிறார்கள். ஒன்று 35 டாலர் என்பதுதான் பல வருடமாகப் பேச்சில் இருந்த விலை. நம் பணத்தில் 3000 ரூபாயை ஒட்டி வரும், தபால் செலவும் சுங்கமும் தனி. கடையில் 40, 50 ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு கொடுப்பது பைத்தியக்காரத்தனமா இல்லையா என்ற கேள்வி எனக்கே ரொம்ப நாள் இருந்தது. அதனால் அதன் இரண்டு போட்டியாளர்களையும் வரவழைத்து, சில மாதம் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன்.

ஒப்பிடும்போது பலரும் செய்கிற தப்பு, தடிமனும் வடிவமும் வேறு வேறாக இருக்கிற பிக்குகளை எடுத்துக்கொண்டு "இந்தப் பொருள் நன்றாக ஒலிக்கிறது" என்று முடிவு சொல்வது. 0.7 மில்லிமீட்டர் பிக்கையும் 1.5 மில்லிமீட்டர் பிக்கையும் வைத்துப் பார்த்தால் காதில் விழுவது பொருளின் குணம் அல்ல, தடிமன்தான். எனவே மூன்றுமே முக்கோணம், மூன்றுமே 1.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். புளூசிப்பில் சிடி55: மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலியின் பெயரில் வருவது, 55 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு, அதாவது நம்முடைய 1.4. அடுத்தது நெதர்லாந்தில் மிஷெல் வெகன் கையால் செய்யும் டிஎஃப்140. மூன்றாவது கிடார் சாமான் செய்யும் டன்லப் நிறுவனத்தின் பிரைம்டோன் முக்கோணம். முதலாவது ஒற்றையாக வரும், வெகன் ஒரு பொட்டலத்தில் 4, பிரைம்டோன் 3. ஒரு பிரைம்டோனின் விலையை வைத்துப் பார்த்தால் புளூசிப் பல மடங்கு.

மூன்றும் துரத்துவது ஒரே ஆமையைத்தான். ஒரு காலத்தில் நல்ல பிக் என்றால் அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் செய்தது. கம்பியில் ஒட்டாமல் வழுக்கும், வளையாது, ஒலியில் உரசல் இருக்காது. 1922இல் நியூயார்க்கில் தாந்த்ரேயா என்பவர் ஆமை ஓட்டின் நிறமும் புள்ளியும் கொண்ட செல்லுலாய்டில் பிக் வெட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் கடைகளில் கிடைக்கும் பழுப்புப் புள்ளி பிக்குகள் அந்த வழி வந்தவைதான். பிறகு 1970களில் அழுங்காமை ஓட்டு வணிகத்தை உலக நாடுகள் உடன்படிக்கை போட்டுத் தடுத்தன. நம் மன்னார் வளைகுடாவிலும் அழுங்காமை உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்திருக்கிறோம். "பழைய சரக்கு ஒன்று இருக்கிறது" என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம்.

ஆக, அந்த ஓட்டுக்கு மாற்று தேடும் வேலைதான் இத்தனை வருடமாக நடக்கிறது. இதில் நம் ஊர்க்காரர்கள் எப்போதோ முந்திக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். வட இந்திய நரம்புக் கருவியான சரோத் வாசிப்பவர்கள் கையில் இருப்பது தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்குச்சி!

பிரைம்டோனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு எட்டுவது அதுதான். பொருள் அல்டெக்ஸ்: தேன் நிறத்தில் லேசாக வெளிச்சம் ஊடுருவும், கடினமான பிளாஸ்டிக். அதே அல்டெக்ஸில் சாதாரண பிக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் விளிம்பில். சாதாரண பிக்கின் விளிம்பை நகத்தால் வருடினால் வெட்டிய தகடு மாதிரி ஒரு முனை தட்டும். பிரைம்டோனில் விளிம்பைச் சரிவாக்கி மெருகேற்றியிருப்பதால் நகம் தடங்காமல் ஓடும். கம்பிக்கும் அதே கதைதான். ஒலி பளிச்சென்று இருக்கும். டிரெட்னாட் என்ற பெரிய வயிற்றுக் கிடாரில், தடித்த கீழ்க் கம்பிகளில் தனிக் குறிப்புகளாக, அதாவது ஒவ்வொரு சுரமாக வாசித்தால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெறிக்கும். மேல் கம்பியில், அதாவது மெல்லிய இ கம்பியில், கொஞ்சம் கண்ணாடித்தனம் வரும். புதுக் கம்பி மாட்டிய வாரம் அது காதைக் குத்தும், பத்து நாள் போனால் சரியாகிவிடும்.

புளூசிப்பை முதலில் எடுத்து வாசித்தபோது ஏமாற்றம்தான். மூவாயிரம் ரூபாய்க்கு வானத்திலிருந்து ஏதாவது இறங்கும் என்று எதிர்பார்த்தால், ஒலி கொஞ்சம் அடங்கிப் போயிருந்தது. பளபளப்பு இல்லை. இரண்டாவது நாள்தான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. போனில் பதிவு செய்து திருப்பிக் கேட்டேன். பிரைம்டோனில் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் "டிக்" என்று ஒரு சின்னத் தட்டல் இருக்கிறது, புளூசிப்பில் அது கிட்டத்தட்ட இல்லை. அந்தத் தட்டலைத்தான் நான் இத்தனை நாள் பளபளப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழகிய காதுக்கு, அது இல்லாத ஒலி மந்தமாகப் படுகிறது.

புளூசிப்பின் பொருள் பாலிஇமைடு வகைப் பிளாஸ்டிக், விமான எஞ்சின்களுக்குள் வெப்பத்திலும் உரசலிலும் கிடந்து உழைக்கிற பாகங்களுக்குப் பயன்படும் சாதி. வாசிப்பவர்கள் வட்டாரத்தில் டூபாண்ட் கம்பெனியின் வெஸ்பெல் என்றே பேச்சு. உராய்வு மிகக் குறைவு என்பதால் கம்பியிலிருந்து தானாக வழுக்கி வெளியே வருகிறது. வேகமாக மேலும் கீழும் வாசிக்கும்போது, கை அதே வேலையைக் கொஞ்சம் குறைந்த பலத்தில் செய்வதுபோல இருக்கும். விலைக்கு நான் கொடுக்கும் முதல் நியாயம் இதுதான். இன்னொன்று, விரலில் பிடிப்பு. கம்பியில் வழுக்கும் இந்தப் பொருள் விரலில் வழுக்குவதில்லை. பார்க்கத்தான் வழவழப்பு, விரல் சூடு ஏறியதும் ஒட்டிக்கொள்ளும். சென்னை மே மாதத்தில், மின்விசிறியும் நின்ற மாலையில், பிரைம்டோன் என் விரலில் மெல்லத் திரும்பிக்கொண்டே போனது, புளூசிப் அசையவில்லை.

கேட்டால் புளூசிப்காரர்கள் விளிம்பின் சரிவைக் கைக்கேற்ப செதுக்கித் தருகிறார்கள், வலக்கைக்காரர்களுக்கு ஒன்று, இடக்கைக்காரர்களுக்கு ஒன்று. பெரும்பாலோர் பிக்கைக் கம்பிக்கு நேராகப் பிடிப்பதில்லை, கொஞ்சம் சாய்த்துத்தான். அந்தச் சாய்வுக்குத் தக்க விளிம்பு இருந்தால் வேலை சுலபம். ஆனால் வீட்டில் இடக்கைக்காரர் ஒருவரும் வலக்கைக்காரர் ஒருவரும் ஒரே பிக்கைப் பகிர முடியாது என்பதை யோசித்து வாங்குங்கள். (மூவாயிரம் ரூபாய் பிக்கை யாரும் பகிரப் போவதில்லை என்பது வேறு விஷயம்.)

வெகன் மூன்றிலும் தனி ரகம். தொட்டாலே ஒரு கைவேலைத்தனம் தெரியும். கிடாரில் எனக்கு அது அவ்வளவாகச் சேரவில்லை. தடித்த கம்பிகளில் ஒலி உருண்டு திரண்டு வந்தது, ஆனால் பல சுரங்கள் சேர்ந்த கார்டு முழுவதையும் அடித்தால் எல்லாம் ஒன்றாகக் குழைந்தது. மாண்டலினில் போட்டால் கதையே வேறு. மாண்டலின் இயல்பிலேயே கீச்சுக் குரல்காரி. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி, குட்டை நீளம், இறுக்கம் அதிகம். வெகன் அந்தக் கீச்சைக் கொஞ்சம் சீவி எடுத்து, கீழே ஒரு சதைப்பற்றைக் கொடுக்கிறது. பிரெஞ்சு ஜிப்சி ஜாஸ் கிடார்க்காரர்களிடம் இதே வெகனின் 3.5 மில்லிமீட்டர் பிக் பெயர் பெற்றது ஏன் என்று அப்போது விளங்கியது. கம்பீரமாகக் கத்தும் கருவிக்குத்தான் குரலைக் குழைக்கும் பிக் தேவை.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பில் பெரும்பாலான குறிப்புகளுக்கு ஒவ்வொரு அடி விழும், அடிகளே தாளம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒற்றைக் கம்பிகள் பூட்டிய மின் மாண்டலினில் காட்டிய வழியில் வாசித்தால், ஒரு மீட்டலில் எழுந்த ஒலியின் மேல் இடக்கை பல சுரங்களை இழுத்துக் காட்ட வேண்டும். மீட்டல்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு மீட்டலின் தொடக்கமும் துருத்திக்கொண்டு தெரியும். பிரைம்டோனின் அந்த "டிக்" புளூகிராஸில் மசாலா, தோடி ஆலாபனையில் பல்லிடுக்கில் கல். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் புளூசிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஆலாபனைக்கு வெகன் இரண்டாவது. ஒலி இனிமைதான், ஆனால் மீட்டல் கொஞ்சம் தாமதமாகத் திறப்பதுபோல எனக்குத் தோன்றியது.

சரி, கார்டு பிடித்து, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடித்து, பாட்டுக்கு ஸ்ட்ரம்மிங் செய்பவர்கள்? மூன்றும் வேண்டாம். 1.4 மில்லிமீட்டர் பிக்கால் ஸ்ட்ரம்மிங் செய்வது உலக்கையால் தாளம் போடுவது மாதிரி. வளையாத பிக் ஒவ்வொரு கம்பியையும் இடித்துக்கொண்டு போகும், பாடுபவர் குரல் அடியில் மாட்டிக்கொள்ளும். டன்லப்பின் டார்டெக்ஸில் ஆரஞ்சு நிறம் 0.60, மஞ்சள் 0.73. இதில் ஒன்று போதும். 1981இல் வந்தது, பொருள் டெல்ரின், மேலே மாவு தடவியதுபோல ஒரு சொரசொரப்பு இருப்பதால் வியர்வையிலும் நிற்கும். இதுவரை பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இங்கேயே நிம்மதியாக எழுந்து போகலாம்.

தேய்மானம். கிடாரின் தடித்த கம்பிகள் மேலே வெண்கலக் கம்பி சுற்றியவை. அவை ஒரு மெல்லிய அரம் மாதிரிதான். இரண்டு மாதம் வாசித்த பிரைம்டோனின் நுனியைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், சாய்வு விழும் பக்கத்தில் வரிவரியாகப் பல் கிளம்பியிருக்கும். அந்தப் பற்கள்தான் கம்பியைச் சுரண்டி "ஸ்ஸ்" என்று சத்தம் போடுபவை. புளூசிப்பில் பல மாதம் கழித்தும் விளிம்பில் மெருகு மாறவில்லை. வாஷிங் மெஷின் படலமும் அதை ஒன்றும் செய்யவில்லை. வெகன் நடுவில் நிற்கிறது. முக்கோணத்தில் இன்னொரு லாபம், மூன்று நுனி இருப்பதால் ஒன்று தேய்ந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பற்களைப் பார்த்த பிறகு ஒரு வேலை செய்தேன், அது என் கணக்கையே கொஞ்சம் குலைத்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் 1000, 2000 நம்பர் உப்புத்தாள் வாங்கி, 50 ரூபாய் ரகத்துச் சாதாரண அல்டெக்ஸ் பிக் ஒன்றை எடுத்து, நான் கம்பியில் சாய்க்கும் கோணத்திலேயே தாளின் மேல் வைத்து மேலும் கீழும் தேய்த்தேன். முதலில் 1000, பிறகு தண்ணீர் தொட்டு 2000. கடைசியில் பழைய ஜீன்ஸ் தொடையில் பத்து நிமிடம். விளிம்பு கண்ணாடியாகிவிட்டது. வாசித்தால் பிரைம்டோனுக்குக் குறைவில்லை. புளூசிப்பைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் நான் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மகளை மாற்றி மாற்றி எடுத்துத் தரச் சொன்னேன். கிடாரில் இரண்டு முறை ஏமாந்தேன். மாண்டலினில் மட்டும் ஏமாறவில்லை.

அதாவது நாம் பொருளுக்குக் கொடுப்பதாக நினைக்கும் காசில் பெரும்பங்கு விளிம்புக்குப் போகிறது. அந்த மெருகு நம் கையால் ஆகும் வேலை. நம்மால் செய்ய முடியாதது அது நிலைத்து நிற்பது. என் உப்புத்தாள் மெருகு மூன்று வாரம் தாங்கியது, மறுபடி தேய்த்தேன்.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். கிடார் மட்டும் வாசிப்பவர், ஒவ்வொரு குறிப்பாக மீட்டுபவர் என்றால் பிரைம்டோன் ஒரு பொட்டலமும் உப்புத்தாளும் வாங்குங்கள். ஒரு வருடம் போகட்டும். மாண்டலின் கையில் இருந்து அதன் கீச்சு உங்களைத் தொந்தரவு செய்தால் முதலில் வெகன், அதன் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் புளூசிப். ஆலாபனைக்காரர் நேரே புளூசிப்புக்குப் போகலாம், ஆனால் ஒரு நண்பரிடம் கடன் வாங்கி ஒரு வாரம் வாசித்துவிட்டு. முதல் நாள் முடிவெடுக்காதீர்கள், அன்று காது பழைய "டிக்"கைத்தான் தேடும். குயீன் ராக் இசைக்குழுவின் கிடார்க்காரர் பிரையன் மே பழைய ஆறு பென்னி நாணயத்தால் வாசிக்கிறார், அவரிடம் போய் யாரும் பாலிஇமைடு பற்றிப் பேசுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் புளூசிப் இப்போது சட்டைப் பையில் போவதில்லை. மாண்டலின் பெட்டிக்குள், ஒரு சின்னத் தகர டப்பாவில் இருக்கிறது. கிடாருக்கு ஜீன்ஸில் தேய்த்த அந்த 50 ரூபாய் பிக்தான். போன வாரம் அது தொலைந்தது. தேடவில்லை, இன்னொன்றை எடுத்து உப்புத்தாளில் வைத்தேன்.